‘கழிமோகினி’யை இரண்டாம் முறை கேட்டது

1

“மம்மி, இந்தப் பேய் எதுக்குக் காக்காவக் கூப்பிடுது?”

என் மகள் நத்தாலி தன் அறையிலிருந்து இப்படிக் கேட்டபோது நான் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பாரிசிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது எங்கள் ஊர். கணவருக்குப் புதுச்சேரி, எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான். ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறேன். நத்தாலி இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அவளாகத் தமிழில் ஒரு பேச்சைத் தொடங்கினால் என்னிடமிருந்து ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

அவள் சினிமா படித்தவள். பக்கத்து நகரத்தில் பழைய ஆசியப் பேய்ப்படங்களுக்கென்று ஒரு சின்ன விழா நடத்துகிறார்கள். அதில் ஒரு தமிழ்ப் படமும் இருந்தது. தமிழ்ப் பெண்தானே என்று பிரெஞ்சு வசன வரிகள் எழுதும் வேலையை இவளிடம் கொடுத்துவிட்டார்கள். படத்தின் பெயரைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ‘கழிமோகினி’. பிச்சாவரத்து உப்பங்கழிக் காட்டில் எடுத்த படம். சின்ன வயதில் கடலூர், சிதம்பரம் பக்கம் வளர்ந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயரைச் சொன்னாலே கையைத் தூக்கி “காக்கா, காக்கா” என்று கத்திக் காட்டுவார்கள்.

படத்தின் பெரிய காட்சி அது. கதாநாயகியைப் பிடித்த பேய் ஊருக்குள் இன்னொரு பெண்ணின் உடம்பில் புகுந்துவிடுகிறது. அவளைத் தூணில் சங்கிலியால் கட்டிவைத்துப் பேயோட்டி அடிக்கிறான். அவள் தலையை ஆட்டி ஆட்டி “காக்கா” என்று அலறுகிறாள். உடனே காட்டிலிருந்து ஆயிரம் காக்கைகள் எழும்பி வானத்தை மூடுகின்றன. அந்தக் காட்சியில் நடித்த பெண் யாரென்று படத்தில் போடவில்லை. பெயர் தெரியாத அந்த நடிகையின் நடிப்பைப் பற்றி இன்றைக்கும் இணையத்தில் சிலாகித்து எழுதுகிறார்கள்.

“வசனப் பேப்பர்ல, பேய் காக்கைகளை ஏவுது, அலறல், அவ்வளவுதான் போட்டிருக்கு. ஆனா அது வேற ஏதோ நிறையச் சொல்லுது. எனக்குப் புரியல,” என்றாள் நத்தாலி.

விழாவுக்காகப் படத்தின் ஒலியைச் சுத்தம் செய்திருந்தார்கள். அவள் தன் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். மேளமும் வயலினும் பின்னால் போய், அந்தப் பெண்ணின் குரல் முன்னால் வந்தது.

முதல் தடவை எனக்கும் காக்கை என்றுதான் கேட்டது. இரண்டாம் தடவை அது வேறு யாரோ கூப்பிடுவது போல இருந்தது. என்னோடு வேலை செய்யும் ஷரீபா காரைக்கால்காரி. இடைவேளையில் ஊருக்குப் போன் போட்டு, “காக்கா, சாப்புட்டீங்களா?” என்று தன் அண்ணனை விசாரிப்பாள். எங்கள் கடற்கரையோரத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மூன்றாம் தடவை எல்லாம் கேட்டது.

“காக்கா, என்ன உட்டுட்டுப் போவாத. புள்ளைக்கிப் பால் குடுக்கணும். நெஞ்சு கட்டிக்கிச்சி காக்கா. ஒரே ஒரு வாட்டி குடுத்துட்டு வந்துடுறேன்.”

திரையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. சின்ன வயதில் அதைப் பேயோட்டி தெளித்த தண்ணீர் என்று நினைத்திருந்தோம். நான் ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்தவள். தெளித்த தண்ணீர் அப்படி இரண்டு வட்டமாக நனைக்காது.

“என்ன சொல்லுது மம்மி?” என்றாள் நத்தாலி.

“இது நடிப்பு இல்ல,” என்று மட்டும் சொன்னேன்.

2

நான் அந்தப் படத்தைப் பார்த்தது சிதம்பரத்தில், சித்தி வீட்டுக்குப் பெரிய லீவில் போயிருந்தபோது. தியேட்டரில் பெண்கள் பக்கம் மரப் பெஞ்சு. அந்தக் காட்சி வந்ததும் சித்தி தன் முந்தானையால் என் கண்ணை மூடினாள். நான் விலக்கிவிட்டுப் பார்த்தேன். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது, யாரோ விசில் அடித்தார்கள். அத்தனை பேர் இருந்த தியேட்டரில் முஸ்லிம் பெண்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது அந்த “காக்கா” சரியாகக் காதில் விழுந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். விழுந்திருந்தாலும் அந்த மேளச் சத்தத்தில் அடுத்த வரி கேட்டிருக்காது.

படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது என்று டைட்டிலில் போடுவார்கள். ‘இரண்டாம் துடுப்பு’. அதை நான் படித்ததில்லை. நத்தாலி ஏதோ ஒரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து அதன் பிரதியைப் பெற்றுத் தந்தாள். மெல்லிய புத்தகம். ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் படித்தேன்.

நாவலில் மோகினியே இல்லை. கழியில் படகு தள்ளுகிறவனின் மனைவி, பிள்ளை பெற்ற சில வாரங்களில் தூக்கம் போய், படகின் பின்பக்கம் யாரோ இன்னொரு துடுப்பு போடுகிற சத்தத்தைக் கேட்கத் தொடங்குகிறாள். அது ஆவியா, அவளுடைய நோயா என்று எழுதியவர் கடைசிவரை சொல்வதில்லை. படிக்கிற நமக்கும் அந்தத் துடுப்புச் சத்தம் கேட்கிறது. அதுதான் பயம். பேயோட்டி, சங்கிலி, காக்கை எதுவும் கிடையாது. முடிவில் ஒரு நாள் அவளே இரண்டாவது துடுப்பைக் கையில் எடுக்கிறாள். பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு கரைக்கு வந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.

பிள்ளை பெற்றவளுக்கு வருகிற நோயைப் பற்றிய ஒரு நாவல். அதைப் படமாக்க வந்தவர்கள், அதே நோய் வந்த ஒரு நிஜப் பெண்ணைப் பிடித்துப் பேயாக்கியிருக்கிறார்கள். ரயில் நின்றும் நான் இறங்காமல் அடுத்த நிலையம் வரை போய்விட்டேன்.

3

நத்தாலி என் போனில் ஏற்றித் தந்த அந்தத் துண்டை ஷரீபாவுக்குப் போட்டுக் காட்டினேன். தட்டுக் கழுவும் இடத்தில் நின்று கேட்டாள். பாதியிலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்க சாச்சி பிச்சாவரத்துக்குப் பக்கத்துல, கிள்ளையில வாக்கப்பட்டவங்க. விசாரிக்கிறேன்,” என்று தன் சித்தியைச் சொன்னாள்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கிள்ளையில் வயசானவர்கள் யாரைக் கேட்டாலும் தெரியுமாம். பெயர் மைமூன். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘பேய்ப்படத்து மைமூன்’ என்றுதான் சொல்வார்களாம். இப்போது காட்டுமன்னார்கோயிலில் மகனோடு இருக்கிறாராம்.

நான் அதிர்ந்துபோனது இதற்குத்தான். உயிரோடு இருக்கிறார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தே எல்லோரும் படம் பார்த்திருக்கிறார்கள்.

எப்படியும் அந்தக் கோடையில் நான் கடலூர் போக வேண்டியிருந்தது. இங்கே ஓர் அலுவலகத்தில் என் பிறப்புச் சான்றிதழை ஏற்க மறுத்துவிட்டார்கள். அதன் பிரதி பழையதாம், புதிதாக வாங்கி வரச் சொன்னார்கள். “நான் பிறந்தது அப்படியேதான் இருக்கிறது, அம்மா” என்று பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். சொல் தடுமாறி, “நான் இன்னும் பிறந்துகொண்டிருக்கிறேன்” என்கிற மாதிரி வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரிக்கவில்லை.

மஞ்சக்குப்பத்தில் என் தம்பி சவரி சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்து வைத்திருந்தான். வந்த காரியம் ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. அன்றைக்கே அவன் காரில் காட்டுமன்னார்கோயிலுக்குக் கிளம்பினோம். சிதம்பரம் தாண்டியதும் அவன் காரை மெதுவாக்கினான்.

“அக்கா, அவுங்களே மறந்து நிம்மதியா இருப்பாங்க. நீ போய் என்னாத்த கேக்கப் போற?” என்றான்.

“வெளிநாட்டுல மறுபடி அதக் காட்டப் போறாங்கடா. போடலாமா வேணாமான்னு அவுங்கதான சொல்லணும்.”

“இத்தினி வருசமா யாரு கேட்டா?”

“அதான்.”

விழாக்காரர்களிடம் நத்தாலி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் வேண்டாமென்றால் திரையிட மாட்டோம் என்று அவர்கள் ஒத்துக்கொள்ள, அவள் பல நாள் சண்டை போட வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு எதுவும் எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு போனில் கத்தியதை வெளியில் நின்று கேட்டேன், அவ்வளவுதான்.

4

மைமூனின் மகன் ஹக்கீம் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறார். முன்பே போனில் பேசியிருந்தும், எங்களைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு எங்களைக் கடைக்குள் உட்காரவைத்தார்.

“எங்க உம்மாகிட்ட அந்தப் பேச்ச எடுக்காதீங்க. ஸ்கூல்ல என்னப் பேய்ப்புள்ளன்னுதான் கூப்புடுவானுங்க. அதனாலதான் கிள்ளையிலேந்து இங்க வந்தோம். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நாளைக்கி சம்பந்தம் பேச வர்றவன் யூட்யூப்ல பாத்துட்டு வந்தான்னா?”

“நீங்க அதப் பாத்திருக்கீங்களா தம்பி?” என்று கேட்டேன்.

“எதுக்குப் பாக்கணும்? காசு வாங்கிட்டு நடிச்சிட்டாங்க. அவ்ளோதான்.”

அவருக்குத் தெரியவில்லை. தன் தாய் நடித்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் சவரியைப் பார்த்தேன். அவன் குனிந்துகொண்டான்.

“அவுங்க நடிக்கல தம்பி. அவுங்க பேசுறது கேக்குது. நீங்க ஒரு வாட்டி கேளுங்க,” என்றேன்.

வேண்டாமென்பார் என்று நினைத்தேன். கையை நீட்டினார். போனைக் காதோடு வைத்துக் கேட்டார். ‘புள்ளைக்கிப் பால் குடுக்கணும்’ வந்த இடத்தில் அவருடைய தாடை அசைந்தது. மறுபடி போட்டார். அந்தத் தாய்க்கு ஒரே பிள்ளைதான். அவருடைய வயதையும் படம் வந்த வருடத்தையும் நான் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, “வாங்க, வீட்டுக்குப் போவலாம்,” என்றார்.

மைமூன் வெற்றிலை போடுகிற, சற்றுப் பருத்த, கலகலப்பான பெண்மணி. நான் மனதில் சுமந்துகொண்டு போன மெலிந்த முகம் அங்கே இல்லை. பிரான்சிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் அங்கே குளிர் ஜாஸ்தியா என்று கேட்டார். மகன்தான் விஷயத்தைச் சொன்னார். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர், எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து பேசினார்.

“இவன் பொறந்து நாப்பது நாளு கழியல. எனக்குத் தூக்கமே இல்ல. செவுரு பேசுது, கூரை பேசுது. எங்க காக்காதான் பேயோட்டுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. எல்லா சாதி சனமும் வரும், கட்டிப் போடுவாங்க. அங்க சினிமாக்காரங்க வந்தாங்க. மெட்ராசு டாக்டருக்குக் காட்டறதுக்குப் படம் எடுக்குறோம்னு காக்காகிட்ட சொல்லியிருக்காங்க. அது நம்பிடுச்சு. பெரிய பெரிய வெளக்கு. நான் ரயிலு வருதுன்னு நெனச்சேன். கட்டிப் போட்டிருக்கே, ஓட முடியாதேன்னு கத்துறேன், காக்காவக் கூப்புடுறேன். அது வரவே இல்ல.”

பிறகு அவருடைய உம்மா வந்து கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாராம். மாத்திரை, ஊசி. சில மாதத்தில் சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால், பிள்ளை இவரைத் தெரியாமல் அழுததாம். அடுத்த வருடம் படம் வந்தது.

“காக்கா மலேசியா போயிடுச்சு. அங்கேந்து போன் பண்ணும். நான் போனுக்கு வரவே மாட்டேன். என்ன அங்க நிறுத்திட்டுப் போனவன்தானன்னு. கடைசில அங்கியே மௌத்தாப் போச்சு. அங்கியே அடக்கம். மொகம் பாக்கல.”

“நீங்க படத்தப் பாத்தீங்களா அக்கா?”

“எனக்கு என்னாத்துக்கு?”

ஹக்கீம் என்னைப் பார்த்தார். நான் காட்ட நினைக்கவில்லை. அவர்தான், “உம்மா, நீ ஒரு வாட்டி பாரு,” என்று போனைத் தாயின் கையில் வைத்தார்.

மைமூன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தன்னைப் பார்க்கவே இல்லை. தூணுக்கு இடதுபுறம், திரையின் ஓரத்தில், கூட்டத்தோடு கூட்டமாக ஒரு மூலையைப் பார்த்தார். நாங்கள் யாரும் அதுவரை பார்க்காத மூலை. பூப்போட்ட சட்டை போட்ட இளைஞன் ஒருவனை இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்திருக்கிறார்கள். அவன் திமிறுகிறான். ஒருவன் அவன் வாயைப் பொத்துகிறான். அடுத்த நொடி காக்கைகள் வந்துவிடுகின்றன.

“நிறுத்து,” என்றார். “பின்னால போ. அங்கதான்.”

ஹக்கீம் நிறுத்தினார்.

“எங்க காக்கா,” என்றார் மைமூன். “எங்கியும் போவல. இங்கதான் நின்னிருக்கு. வெளக்கு வெளிச்சத்துல எனக்குத் தெரியல.”

போனை மடியில் கவிழ்த்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஹக்கீம் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நானும் சவரியும் அந்த வீட்டில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். ஆயிரக்கணக்கான பேர் பார்த்த படம். ஓர் ஆள் வாய் பொத்தப்பட்டுத் திமிறுவதை ஒருவரும் பார்க்கவில்லை.

5

நத்தாலியை வீடியோவில் கூப்பிட்டோம். அவளே பேச வேண்டும் என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். தமிழில் பேச வேண்டியதை எழுதிவைத்துப் பழகியிருந்தாள் போல. “வணக்கம் அம்மா” வரை சரியாக வந்தது. அதற்கப்புறம் எல்லாம் கலைந்துவிட்டது.

“நீ வேணாம் சொன்னா, நாங்க படம் போட மாட்டோம்,” என்றாள். பெரியவர்களை நீ என்று சொல்லக் கூடாதென்று நான் கிசுகிசுத்தேன்.

“உடும்மா. புள்ளதான,” என்றார் மைமூன். பிறகு அவளிடம், “நான் வேணாம்னா வேற எடத்துலயும் ஓடாதா கண்ணு?” என்று கேட்டார்.

நத்தாலி பொய் சொல்லவில்லை. “ஓடும். எல்லா எடத்துலயும் இருக்கு. நாங்க மட்டும் நிறுத்தலாம்.”

“அப்ப நிறுத்தி என்னா ஆவப் போவுது. நான் பேசுனத எழுதிப் போடுவியா?”

“எல்லாம் போடுவேன். ஒரு வார்த்தையும் விட மாட்டேன்.”

“எங்க காக்கா நிக்கிறதச் சொல்லுவியா?”

“படம் தொடங்குறதுக்கு முன்னாடி நான் மேடையில சொல்றேன்.” பிறகு அவள் கொஞ்சம் தயங்கினாள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ரகரம் தொண்டைக்குள் போய்விடும். என் மகளுக்கும் அப்படித்தான். “கடைசியா ஒண்ணு. உங்க பேய் போடலாமா?”

சவரி தலையில் கை வைத்தான். ஹக்கீம் சட்டென்று திரும்பினார். பேர் என்றுதான் அவள் சொல்லவந்தாள் என்று நான் அவசரமாக விளக்கத் தொடங்கினேன். மைமூன் கையமர்த்தினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அத்தனை நேரம் வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

“பேய எல்லாரும் போட்டுட்டாங்க கண்ணு. நீ பேரப் போடு.”

“உம்மா, புள்ளைங்க இருக்குதுங்க,” என்றார் ஹக்கீம் மெதுவாக.

“புள்ளைங்களுக்குத்தான்டா. பேய்ப்படத்துல நடிச்சவ பேத்தின்னு மத்தவங்க சொல்றதுக்குப் பதிலா, கட்டிப் போட்டு அடிச்சத எடுத்த படம்னு அதுங்களே சொல்லட்டும்.”

ஹக்கீம் போனைத் தன் பக்கம் திருப்பி, நத்தாலிக்குத் தன் தாயின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். தாயின் தகப்பனார் பெயரையும் சேர்க்கச் சொன்னார். தன் மாமாவின் பெயரையும் தனியாகச் சொன்னார்.

6

படம் இலையுதிர் காலத்தில் திரையிடப்பட்டது. நானும் ஷரீபாவும் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நத்தாலி மேடையில் ஏறிச் சுருக்கமாகச் சொன்னாள். எனக்கு முழுதும் புரிந்தது. அவளுடைய பிரெஞ்சு முழுதும் எனக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை.

முதல் பாதியில் கூட்டம் சிரித்தது. ரப்பர் கை, பச்சை வெளிச்சம், கதாநாயகனின் மீசை என்று சிரிக்க நிறைய இருந்தது. சொன்னதையெல்லாம் மறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பிறகு அந்தத் தூண் வந்தது. அலறல் என்று இருந்த இடத்தில் கீழே வரிவரியாக எழுத்து வந்தது. அண்ணா, என்னை விட்டுப் போகாதே. பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காக்கைகள் வந்தபோது அரங்கில் யாரும் அசையவில்லை. ஷரீபா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

இப்போதும் நல்ல பேய்ப்படம் என்றுதான் அதை எழுதுகிறார்கள். எனக்கு அதற்கு மேல் அதைப் படம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நாவலை மட்டும் யாராவது மறுபடி அச்சில் கொண்டுவந்தால் நல்லது. அதை எழுதியவருக்குத் தெரிந்திருந்தது, பயம் எங்கே இருக்கிறதென்று.

திரையிட்ட மறுநாள் மைமூனுக்குப் போன் போட்டேன். எத்தனை பேர் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை என்றேன். தன் பெயர் எப்படி எழுதியிருந்தது என்று கேட்டார். சொன்னேன். அண்ணன் பெயரும் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன்.

“ஆமா, அந்தப் படத்துக் கதையில நானா வர்றவ கடைசில என்னா ஆவுறா? நான் முழுசாப் பாக்கலியே,” என்றார்.

“பேயோட்டி அடிச்சி வெரட்டுறான். அவ கழியில உழுந்து செத்துப் போயிடுறா அக்கா.”

“ஓ.” அவர் வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது.

“அப்ப அந்தப் புள்ளைக்கி யாரு பால் குடுத்தா?”

படத்தின் கதையில் அப்படி ஒரு பிள்ளையே கிடையாது என்று அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.